எங்கள் ஒழுங்கையும் எங்கள் ஆரோக்கியமும்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



  

சங்கத்தினர் என்னிடம் கேட்டது பெண்களின் சுகாதாரம் பற்றிய ஓர் உரை. பிரஷர், சீனி வருத்தம், உடற்பயிற்சி என்று ஒரு மணித்தியாலம் பேசலாம். நீங்களும் டீச்சர்மார் பார்க்கிறார்கள் என்பதற்காகப் பேசாமல் கேட்பீர்கள். பிறகு மண்டபத்துக்குப் பின்னால் மூடி வைத்திருக்கும் வட்டிலப்பத்துக்குப் போய்விடுவீர்கள். அதனால் சுகாதாரத்தை வேறொரு வாசலால் கொண்டுவரலாம் என்று நினைத்தேன். நான் பேசப்போவது நமது ஒழுங்கைகளைப் பற்றி. கல்முனை, கல்முனைக்குடி, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று பிரதான வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்குகின்ற, இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டிய, அந்த ஒழுங்கைகள்.

இருபது வருடங்களாக நான் நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். ஒருவர் வைத்தியசாலைக்கு நேரத்தோடு வந்து சேர்வாரா, பிந்தி வருவாரா என்பதை அவருடைய பணமோ படிப்போ மட்டும் தீர்மானிப்பதில்லை. அவர் எப்படிப்பட்ட ஒழுங்கையில் இருக்கிறார், அந்த ஒழுங்கை அவரை எப்படிப் பார்க்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. இதுதான் இன்று நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் அதற்கான உதாரணங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்காக ஒழுங்கையின் காலைப்பொழுதை ஒருமுறை ஞாபகப்படுத்துகிறேன். சுபஹு பாங்கு ஒரு பள்ளியில் தொடங்க, அரை நிமிடம் பிந்தி அடுத்த பள்ளி, அதற்கும் பிந்தி அடுத்தது. பிறகு மீன்காரரின் ஹோர்ன். கரைவலையில் மீன் பட்ட நாளில் அந்த ஹோர்ன் ஒழுங்கைக்குள் நுழையும்போதே தெரியும். அவர் அடிக்கிற அடியே வேறு. மீன் இல்லாத நாளில் ஹோர்னும் இல்லை, அவரும் இல்லை. மருதமுனைப் பக்கம் என்றால் இதோடு தறிச் சத்தமும் சேரும். அந்தச் சத்தத்தில் படித்து சாதாரண தரம் பாஸ் பண்ணியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். தறி நின்றால் அவர்களுக்குப் படிப்பு ஓடாதாம்.

அதற்குப் பிறகு பாண் ஆட்டோ. சிங்களத்தில் "சூன் பாண்" என்பார்கள். நாமும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். அந்த ஆட்டோ போடுகிற இசை எது தெரியுமா? பீத்தோவன் 1810 இல் எழுதிய "ஃபூர் எலிஸ்" என்ற பியானோ இசை. அவர் 1827 இல் இறந்து, நாற்பது வருடம் கழித்துத்தான் அது அச்சிலேயே வந்தது. காது கேளாமல் போன ஒரு ஜேர்மன் இசைமேதையின் இசையைக் கேட்டு, கல்முனைக்குடியில் ஒரு பிள்ளை "உம்மா, கிம்புலா பனிஸ்!" என்று வாசலுக்கு ஓடுகிறது. சீனி தூவிய அந்த முதலை வடிவ பனிஸை டாக்டராக நான் கண்டிக்க வேண்டும். கண்டிக்கிறேன். ஆனால் அந்த இசையால் வேறொரு நன்மை உண்டு. அது கேட்டால் ஒழுங்கையில் எல்லாக் கதவும் திறக்கும். எந்தக் கதவு திறக்கவில்லை என்பது மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

திறக்காத கதவுக்குப் பின்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுபது வயது தாண்டிய ஒரு உம்மம்மா. பிள்ளைகள் கட்டாரிலும் கொழும்பிலும். தனியாக இருந்தார். ஒவ்வொரு நாளும் பாண் ஆட்டோவை நிறுத்தி, விலை கேட்டு, "நேத்தும் இதே விலைதானே" என்று ஒரு சண்டை பிடித்து, அரை றாத்தல் பாண் வாங்குவார். ஒரு நாள் ஆட்டோ வந்தது, நின்றது, போனது. சண்டைச் சத்தம் இல்லை. எதிர்வீட்டுப் பெண் அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். உம்மம்மா கட்டிலில் இருந்தபடியே, வாய் ஒரு பக்கம் கோணி, வலது கையைத் தூக்க முடியாமல் இருந்தார். அப்போது காலை ஏழு மணி. சுபஹு தொழுகைக்கு அவர் எழும்பி நடமாடியதைப் பக்கத்து வீட்டார் கண்டிருந்தார்கள்.

இந்தக் கடைசி விவரம் எங்களுக்குப் பொன் போன்றது. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டு வருகிற பக்கவாதத்தில், அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் அந்த மருந்தைக் கொடுப்பது மிகவும் கடினமாகிவிடும். அந்த நேரத்தை எங்களுக்குச் சொன்னது பக்கத்து வீட்டின் யன்னல். இன்று அந்த உம்மம்மா கொஞ்சம் காலை இழுத்து நடக்கிறார். பாண் விலைக்கு இன்னும் சண்டை பிடிக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

அவரைக் கொண்டுபோனதும் ஒரு கதை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நமது பக்கமும் வந்த சேவை. அழைத்தவரிடம் விலாசம் கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்ன விலாசம்: "புளியமரத்தடி ஒழுங்கை, கடையடி தாண்டி, நீலக் கேற்." ஒழுங்கைக்கு மாநகர சபை வைத்த பெயர் வேறு. பெயர்ப்பலகையும் இருக்கிறது, அதில் எவரோ தேர்தல் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். கடை மூடி எட்டு வருடம். கேற்றுக்கு இப்போது பச்சை நிறம். புளியமரமோ 1978 நவம்பர் சூறாவளியிலேயே விழுந்துவிட்டது! நான் பிறக்கும் முன் விழுந்த மரம்; நானும் அந்த ஒழுங்கையைப் புளியமரத்தடி என்றுதான் சொல்கிறேன். கடைசியில் என்ன செய்தார்கள்? ஒழுங்கைப் பொடியன்மார் நாலு பேர் சந்திக்கு ஒருவராக நின்று கைகாட்டி அம்பியூலன்ஸைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

விலாசம் போலத்தான் பெயரும். பள்ளி ஒலிபெருக்கியில் மௌத்து அறிவித்தல் வரும்போது கவனித்திருப்பீர்கள். அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரையும் சொல்வார்கள். ஒழுங்கையே "யாருடா இது?" என்று முழிக்கும். பிறகு இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்ன ஊரில் இன்ன வேலை பார்த்தவரின் மாமி என்று வரும். கடைசியில் பட்டப்பெயர் வந்த பிறகுதான் "இன்னா லில்லாஹி" என்று எல்லார் வாயிலும் வரும். கிளினிக்கிலும் அதே கதை. "பாத்திமா உம்மா" என்று தாதி கூப்பிட்டால் ஆறு பேர் எழும்புவார்கள். சிரிக்கலாம். ஆனால் ஒரே பெயரில் ஒருவருக்குச் சீனி வருத்தத்துக்கும் இன்னொருவருக்கு இருதயத்துக்கும் மருந்து எழுதியிருக்கும்போது இது சிரிப்பில்லை. ஆகவே கிளினிக் கொப்பியைக் கையில் கொண்டுவாருங்கள். பிறந்த வருடத்தையும் சொல்லுங்கள். வயதைக் கேட்டால் பெண்கள் குறைத்துச் சொல்வதாக ஆண்கள் பேசிக்கொள்கிறார்கள். கிளினிக்கில் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்; நாங்கள் வெளியில் சொல்லமாட்டோம்.

நமது ஒழுங்கைகள் ஏன் இப்படி ஒருவரையொருவர் இவ்வளவு அறிந்தவையாக இருக்கின்றன? இதற்கு நமது கல்யாண முறைதான் காரணம். நமது கரையோரத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாய்வழிக் குடிமுறையும் இருக்கிறது. முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் இந்த வழக்கங்கள் ஒன்றுபோல் இருப்பதை டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்து 2008 இல் ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார். இதனால் ஒரு வளவில் உம்மம்மா, உம்மா, சாச்சிமார், ராத்தாமார் என்று பெண்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஒழுங்கைக்குப் புதிதாக வருபவர் மாப்பிள்ளைதான். ஒழுங்கையின் அந்தரங்கம் அவருக்குத் தெரிய பத்து வருடம் ஆகும். பெண்ணுக்கோ பிறந்ததிலிருந்து தெரியும்.

ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று நான் வேறு மாவட்டங்களில் வேலை செய்தபோதுதான் முழுமையாக விளங்கியது. அடி வாங்கினால் அழுவதற்கு ஒரு சுவர்தான் இருக்கிறது என்ற நிலையில் பல பெண்களைக் கண்டேன். நமது ஒழுங்கையில் அவள் சத்தம் போட வேண்டியதில்லை. சத்தம் குறைந்தாலே சாச்சி வந்து நிற்பார்.

ஆனால் இந்த முறைக்கு ஒரு கணக்கும் உண்டு. நமது கணித டீச்சருக்காக அதைப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு உம்மம்மாவுக்குக் கால் ஏக்கர் வளவு, அதாவது 40 பேர்ச். அவருக்கு நாலு பெண்பிள்ளைகள். ஆளுக்கு 10 பேர்ச். ஒவ்வொருவருக்கும் இரண்டு மகள்மார். ஆளுக்கு 5 பேர்ச். அவர்களுக்கும் இரண்டிரண்டு என்றால் ஆளுக்கு இரண்டரை. ஒரு தென்னந்தோப்பாக இருந்த வளவில் இப்போது பதினாறு வீடு, பதினாறு மலசலகூடக் குழி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். ஊர் அகலிப்பதற்கு இடமில்லை. நமது மண்ணோ மணல் மண். குழியில் இறங்குவது அடுத்த கிணற்றுக்குப் போக அதிக தூரமும் இல்லை, தடையும் இல்லை. மாரியில் வெள்ளம் வந்தால் இரண்டும் ஒன்று. வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் செங்கமாரியும் பரவுகிற வழி இது. குழாய் நீர் வந்த பின்னும் "கிணத்துத் தண்ணிதான் ருசி" என்று குடிப்பவர்கள் தயவுசெய்து கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

டெங்கு இன்னும் தெளிவான உதாரணம். 2017 இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்ததாகப் பதிவானது. அந்த நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். பொதுவாக அது பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு அப்பால் போவதில்லை. அப்படியானால் என் பிள்ளையைக் கடித்த நுளம்பு நமது ஒழுங்கையில் பிறந்த நுளம்புதான். என் வளவைக் கூட்டி என்ன பயன், பக்கத்து வளவில் தேங்காய்ச் சிரட்டையும் பழைய டயரும் கிடந்தால்? இங்கேதான் ஒழுங்கையின் வாய் உதவும். காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள் இரத்தம் சோதிக்க வேண்டும், பரசிற்றமோல் தவிர வேறு காய்ச்சல் மாத்திரை எதுவும் போடக்கூடாது, காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தான கட்டம் வரலாம் என்ற மூன்று செய்தியையும் வட்ஸ்அப்பை விட வேகமாக ஒரு சாச்சி ஒழுங்கை முழுவதும் கொண்டுபோய்விடுவார். அவரிடம் சரியான செய்தியைக் கொடுப்பது நமது பொறுப்பு.

1926 இல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். நமது பாடசாலைக்கும் அதற்கும் ஏறத்தாழ ஒரே வயது. வைத்தியசாலையில் காத்திருக்காமல் வீடு வீடாகப் போக வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் நாடெங்கும் பரவியது. நாம் "மிட்வைஃப் மிஸ்ஸி" என்று கூப்பிடும் குடும்பநல உத்தியோகத்தர் அந்த மரபில் வந்தவர். எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர் ஒரு தமிழ் அக்கா. பொட்டு வைத்துக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு வருவார். நோன்பு காலத்தில் வந்தால் தண்ணீர் கூடக் குடிக்கமாட்டார். வற்புறுத்தினாலும் "பிள்ளைகள் பார்க்குது" என்பார். நாட்டில் எவ்வளவோ குழப்பம் நடந்த காலத்திலும் நமது பிள்ளைகளின் நிறை அட்டையில் அவர் புள்ளி வைக்காமல் விட்டதில்லை. பாண்டிருப்பிலிருந்து வந்த தோழிகளோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நமக்கு அது புதிதாகத் தெரியவில்லை. இப்போது நினைத்தால்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரிகிறது.

இவ்வளவு நேரம் ஒழுங்கையைப் புகழ்ந்தேன். இனி அதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் டாக்டர் இல்லை.

ஒழுங்கைக்குக் கண் இருப்பது போல நாக்கும் இருக்கிறது. அந்த நாக்குக்குப் பயந்து நோயை மறைப்பவர்கள் எத்தனை பேர்! காசநோய் என்றால் "மகளின் கல்யாணம் முடியட்டும் டொக்டர்" என்பார்கள். ஆறு மாதம் இலவசமாக மருந்து எடுத்தால் சுகமாகும் நோய்; முறையாக எடுத்தால் சில வாரங்களிலேயே மற்றவருக்குத் தொற்றுவது நின்றுவிடும். கல்யாணம் முடியும் வரை காத்திருந்தால் மாப்பிள்ளைக்கும் அல்லவா சேர்த்துக் கொடுப்போம்? மார்பில் கட்டியைக் கண்டு ஒரு வருடம் எவருக்கும் சொல்லாமல் இருந்து வருகிற பெண்கள் இருக்கிறார்கள். காரணம் கேட்டால், வைத்தியசாலை வாசலில் யாராவது கண்டுவிடுவார்கள் என்பது.

பிள்ளை பெற்ற நாற்பது நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்க்குக் காயமும் கவனிப்பும் கொடுத்து, உம்மாவும் சாச்சிமாரும் தாங்குகிற அந்த வழக்கம் அருமையானது. ஆனால் சில தாய்மார் அந்த நாட்களில் தூங்காமல், சாப்பிடாமல், பிள்ளையைத் தூக்க விருப்பமில்லாமல், அழுதுகொண்டே இருப்பார்கள். அதைக் கண்ணூறு என்றும் அவளுக்குப் பொறுமை இல்லை என்றும் ஒழுங்கை சொல்லும். ஓதிப் பாருங்கள், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு வைத்தியரிடமும் கூட்டி வாருங்கள். அது ஒரு நோய். அதற்கு மருந்தும் ஆறுதலும் உண்டு. கவனிக்காமல் விட்டால் தாயின் உயிருக்கும் பிள்ளையின் உயிருக்கும் ஆபத்து வரலாம். அவள் அழுவதை முதலில் காண்பவர் நாங்கள் அல்ல, பக்கத்து வீட்டு ராத்தாதான்.

ஒழுங்கை மௌனமானால் என்ன நடக்கும் என்று கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கண்டோம். 2020 ஏப்ரலில் கொரோனாவால் மரணித்தவர்களை எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானவை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலாக இருந்தது. 2021 பெப்ரவரி வரை அந்தக் கட்டளை நீடித்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. இடையில் என்ன நடந்தது? மூச்சு முட்டினாலும் "வைத்தியசாலைக்கு வேணாம் மகள், எரிச்சிப் போடுவாங்க" என்று கெஞ்சிய மூத்தவர்களை நான் வீடுகளில் பார்த்தேன். ஒழுங்கை அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்பினால்தான் மறைத்தது. அதனாலேயே சிலர் பிந்தி வந்தார்கள். நோயாளியைப் பயமுறுத்துகிற எந்தச் சட்டமும் நோயை ஒழிக்காது, ஒளிக்கும். அதையே ஒழுங்கையின் நாக்கும் செய்கிறது என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடலைப் பற்றிச் சொல்லாமல் கல்முனைக் கதை முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அப்போது நான் மருத்துவ பீட மாணவி. நாட்டிலேயே ஆகக்கூடிய உயிரிழப்பு நமது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். இந்தப் பாடசாலைச் சீருடையில் ஒழுங்கைகளால் நடந்து வந்த எத்தனையோ பிள்ளைகள் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்காக இந்த மண்டபத்தில் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தோம். இதை வாசிக்கும் நீங்களும் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். மக்களைப் புதிய வீட்டுத்திட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். இன்று கல்முனையில் ஓர் இஸ்லாமாபாத் இருக்கிறது. சாய்ந்தமருதில் பொலிவேரியன் கிராமம் இருக்கிறது. தென் அமெரிக்காவின் விடுதலை வீரர் சீமோன் பொலிவரின் பெயரில், அவர் கேள்விப்பட்டே இராத ஊரில், நமது சாச்சி ஒருவர் மாசிச் சம்பல் இடித்துக்கொண்டிருக்கிறார்! வீடு கிடைத்தவர்கள் நன்றியோடுதான் இருக்கிறார்கள். ஆனால் வீடு பங்கிட்டபோது ராத்தாவுக்கு ஓர் இடமும் தங்கச்சிக்கு வேறோர் இடமும் கிடைத்த குடும்பங்கள் உண்டு. மாடி வீட்டில் பாண் ஆட்டோ வந்தால் கூடையைக் கயிற்றில் இறக்கத்தான் முடியும். எதிர்வீட்டு உம்மம்மாவை எட்டிப் பார்க்க முடியாது. "எல்லாம் இருக்கு டொக்டர், மனிசர்தான் இல்ல" என்று என்னிடம் வந்த ஒருவருக்கு இருந்தது நெஞ்சுவலி இல்லை, தனிமை. புது இடத்தில் ஓர் ஒழுங்கை உருவாக இருபது வருடம் பிடித்திருக்கிறது. அங்கே வளர்ந்த பெண்பிள்ளைகள்தான் அதை உருவாக்கினார்கள்.

பழைய ஒழுங்கைகளுக்கும் இப்போது வேறு விதத்தில் அதே நிலை வருகிறது. கிடுகு வேலியாக இருந்த காலத்தில் வளவுக்கு வளவு ஒரு திறப்பு இருந்தது. பாதிச் சமையலில் உப்புக்குப் போய் வரலாம். இப்போது எட்டடி மதில். மதிலின் மேல் கமரா. கட்டாரில் இருக்கும் மகன் கைத்தொலைபேசியில் உம்மாவின் வாசலைப் பார்க்கிறார். ஆனால் உம்மா உள்ளே விழுந்தால் மதிலேறிக் குதிக்க ஒருவர் வேண்டுமே! 2022 இல் பெற்றோலும் இல்லை, காஸும் இல்லை, பாண் ஆட்டோவின் இசையும் இல்லை. அந்த மாதங்களில் என்ன கண்டோம்? விறகு உள்ள வளவில் மூன்று வீட்டுச் சோறு வெந்தது. சைக்கிள் உள்ள பிள்ளை ஐந்து வீட்டுக்கு மருந்து எடுத்து வந்தது. மதில்களில் திறப்பு இல்லாவிட்டாலும் மனிதர்களுக்கு வழி மறக்கவில்லை என்று தெரிந்தது. மறக்கும் முன் பழக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய மாணவிகளே, வாழ்த்தோடு மட்டும் உங்களை அனுப்பும் எண்ணம் எனக்கில்லை. வீட்டுவேலையும் தருகிறேன். டீச்சர்மார் பழக்கிவிட்ட பழக்கம்.

ஒன்று: உங்கள் ஒழுங்கையில் தனியாக இருக்கும் வயதானவர்கள் யார் என்று விரல்விட்டு எண்ணுங்கள். ஒவ்வொருவருக்கும் காலையில் முகம் பார்க்க ஒரு வீடு பொறுப்பெடுக்கட்டும். தூர தேசத்தில் இருப்பவர்கள் உம்மாவுக்கு மட்டும் அழைக்காமல், எதிர்வீட்டு இலக்கத்தையும் வைத்திருங்கள். பெருநாளைக்கு அந்த வீட்டுக்கும் ஒரு அழைப்பு எடுங்கள்.

இரண்டு: உங்கள் ஒழுங்கையின் உண்மையான பெயரையும் வீட்டு இலக்கத்தையும் கதவின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். அதன் கீழே 1990 என்றும் எழுதுங்கள். பெயர்ப்பலகையில் இருக்கும் போஸ்டரைக் கிழித்துவிடுங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் பரவாயில்லை. பெரியவர்களின் மருந்துப் பெயர்களைக் கிளினிக் கொப்பியோடு ஒரே பையில் வைத்து, அந்தப் பை எங்கே என்று இரண்டு பேருக்குச் சொல்லி வையுங்கள்.

மூன்று: முகம் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல். இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் மணிக்கூட்டைப் பாருங்கள், உடனே அழையுங்கள். எண்ணெய் தேய்த்துப் பார்ப்பதும், படுத்தெழும்பட்டும் என்று விடுவதும் வேண்டாம்.

நான்கு, இதுதான் கடினமானது: ஒருவருடைய நோயைப் பற்றிக் கேள்விப்பட்டால், அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும் முன், அந்த வீட்டுக்கே போய் "வைத்தியசாலைக்குப் போக ஆள் வேணுமா?" என்று கேளுங்கள். நோய் வந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் பேசும்போது "அங்கே ஒரு வருத்தம் இருக்காம்" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வசனம் எத்தனை பேரை எங்களிடம் பிந்தி வரச் செய்கிறது என்று நான் மட்டுமல்ல, இந்த ஊரில் எந்த வைத்தியரைக் கேட்டாலும் சொல்வார்.

நூறு வருடங்களில் இந்தப் பாடசாலை எத்தனை டாக்டர்களை, ஆசிரியைகளை, அதிகாரிகளை உருவாக்கியது என்று மலரின் மற்றப் பக்கங்களில் பட்டியல் இருக்கிறது. பட்டியலில் வராதவர்கள் அவர்களைவிட அதிகம். பத்தாம் வகுப்போடு நின்று, கல்யாணம் முடித்து, ஒழுங்கையில் இருந்துவிட்டவர்கள். இங்கே கற்ற வாசிப்போடு அவர்கள்தான் இன்று பக்கத்து வீட்டு மருந்து உறையை வாசித்துக் கொடுக்கிறார்கள், படிவம் நிரப்பிக் கொடுக்கிறார்கள், பிள்ளையின் காய்ச்சலுக்கு நாள் எண்ணுகிறார்கள். உம்மம்மாவின் எதிர்வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்த அந்தப் பெண்ணும் நமது பாடசாலையின் பழைய மாணவிதான். அவர் இன்று மூன்றாம் வரிசையில் இருக்கிறார். பெயர் சொன்னால் கோபிப்பார், சொல்லவில்லை.

நமக்குக் கற்பித்து மறைந்த ஆசிரியர்கள் அனைவருக்கும் இறைவன் நற்பதவி அருள்வானாக. இருப்பவர்களுக்குச் சுகமும் நீண்ட ஆயுளும் கிடைக்கட்டும். பொறுமையாகக் கேட்டீர்கள். இனி வட்டிலப்பம். சீனி வருத்தம் உள்ளவர்கள் ஒரு சிறிய துண்டு மட்டும். நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.